நுண்காந்தத்தையும் பாடமாக்குங்கள்: குன்னம் வட்டத்து இயற்பியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியப் பெருமக்களுக்கு,

குன்னம் வட்டத்து மேல்நிலைப் பள்ளிகளில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தும் உங்கள் அனைவருக்கும் பொதுவாக இந்த மடலை எழுதுகிறேன். நானும் இந்தக் கரிசல் மண்ணில் பிறந்து, இயற்பியல் படித்து, அதையே கல்லூரியில் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். உங்களுக்கு நேரம் எவ்வளவு குறைவு என்பதை அறிவேன். பாடத்தை முடிக்க வேண்டும், செய்முறைத் தேர்வு நடத்த வேண்டும், எமிஸ் பதிவுகளும் காத்திருக்கும். இத்தனைக்கும் நடுவே ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். காந்தவியல் பாடம் நடத்தும்போது, மிக மிகப் பலவீனமான காந்தப் புலங்களுக்கென்று ஒரு வகுப்பை ஒதுக்குங்கள்.

காந்தம் என்றால் இழுப்பது என்றுதான் நம் பிள்ளைகள் மனத்தில் பதிந்திருக்கிறது. ஸ்பீக்கரை உடைத்து எடுத்த வட்டக் காந்தம் எத்தனை ஆணியைத் தூக்கும் என்பதில் தொடங்கும் ஆர்வம், பழைய இரும்பைத் தூக்கும் கிரேன், மேக்லெவ் ரயில் என்று வலிமையின் பக்கமே போகிறது. கடந்த அறுபது ஆண்டுகளாக நடந்துவரும் அரிய வேலைகளில் பல இதற்கு நேர் எதிர்ப் பக்கம் நடந்தவை. எவ்வளவு சிறிய காந்தப் புலத்தை மனிதனால் அளக்க முடியும் என்பது அங்கே கேள்வி. அந்த வேலைக்கு இதுவரை பெரும் பணமும் பெரும் ஆய்வகமும் தேவைப்பட்டன. இப்போது நிலைமை மாறி வருகிறது. நம் ஊர்ப் பிள்ளை ஒருவர் எம்.எஸ்சி. ஆய்வகத்தில் கையால் செய்து பார்க்கக்கூடிய அளவுக்கு அது இறங்கி வந்திருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

உங்கள் ஆய்வகத்திலிருந்தே தொடங்கலாம். டேஞ்சன்ட் கால்வனோமீட்டர் சோதனையை ஆண்டுதோறும் செய்கிறீர்கள். கம்பிச்சுருளைக் காந்தத் துருவத் தளத்தில் நிறுத்தி, மின்னோட்டம் செலுத்தி, ஊசியின் விலக்கத்தைக் குறித்து, புவிக்காந்தப் புலத்தின் கிடைத்தளக் கூறைக் கணக்கிட்டு ரெக்கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்கியதும் பிள்ளைகள் அதை மறந்துவிடுகிறார்கள். விடை ஏறத்தாழ 4 × 10⁻⁵ டெஸ்லா, அதாவது 40,000 நானோடெஸ்லா. நம் ஊரில் இந்த எண்ணுக்குத் தனிச் சிறப்பு உண்டு. காந்த நிலநடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிச் செல்வதால், இங்கே புவிக்காந்தப் புலம் கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கிறது. லண்டனில் தடையின்றித் தொங்கவிட்ட ஊசி 66 பாகை அளவுக்குச் சாய்ந்து பூமிக்குள் நோக்கும். குன்னத்தில் பிள்ளைகள் அளக்கும் கிடைத்தளக் கூறு ஏறக்குறைய முழுப் புலமுமே.

இந்தப் பகுதியின் காந்தத்தை அளக்க வெகுநாளாகவே ஆட்கள் வந்திருக்கிறார்கள். சென்னை வானாய்வகத்தின் டெய்லரும் திருவனந்தபுரம் வானாய்வகத்தின் கால்டெகாட்டும் 1830களில் தென்னிந்தியாவெங்கும் ஊசியோடு பயணம் செய்து சாய்வையும் செறிவையும் குறித்தார்கள். 1957-58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி அண்ணாமலைநகரில் ஒரு காந்த ஆய்வகம் அமைந்தது. அண்ணாமலைநகர் நமக்குக் கிழக்கே, ஏறத்தாழ நம் அட்சரேகையிலேயே இருக்கிறது. இன்று திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இயங்குகிறது. நண்பகலில் நம் தலைக்கு மேல் நூறு கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கு நோக்கி ஒரு பெரிய மின்னோட்டம் ஓடுகிறது. அதனால் காந்த நிலநடுக்கோட்டுப் பகுதியில் தரையின் காந்தப் புலம் பகலில் பல பத்து நானோடெஸ்லா ஏறி இறங்குவதை அங்கே பதிவு செய்கிறார்கள். 40,000இல் ஒரு 50 அல்லது 100 என்றால் பிள்ளைகளுக்கு அது சிறிதாகத் தோன்றும். நான் சொல்ல வந்ததோ இதைவிடப் பல மடங்கு சிறியது.

நம் இதயம் துடிக்கும்போது அதன் தசைகளில் மின்னோட்டம் பாய்கிறது. ஆம்பியர் விதிப்படி, மின்னோட்டம் இருந்தால் காந்தப் புலம் இருந்தே ஆக வேண்டும். மார்புக்கு வெளியே அந்தப் புலத்தின் உச்சம் ஏறக்குறைய 100 பிகோடெஸ்லா, அதாவது 0.1 நானோடெஸ்லா. புவிப் புலத்தில் நாலு லட்சத்தில் ஒரு பங்கு. மூளை நரம்புகளின் காந்தமோ 0.1 பிகோடெஸ்லா அளவில்தான் இருக்கும். அது நாற்பது கோடியில் ஒரு பங்கு. பெரம்பலூர்-அரியலூர் சாலையில் ஒரு சிமென்ட் லாரி போனால், சில பத்து மீட்டர் தள்ளி நிற்கிற கருவியில்கூட இதயத்தின் காந்தத்தைப் போலப் பல மடங்கு அசைவு பதிவாகும். தேர்த் திருவிழாவில் அதிர்வேட்டுக்கு நடுவே ஒரு குழந்தையின் கொலுசொலியைப் பிரித்துக் கேட்பது போன்ற வேலை இது.

இதை முதலில் செய்து காட்டியவர்கள் அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரத்தில் ஜெர்ஹார்ட் பௌலே, ரிச்சர்ட் மெக்ஃபீ என்ற இருவர். ஆண்டு 1963. அவர்களிடம் அதிநவீனக் கருவி எதுவும் இல்லை. ஃபெரைட் தண்டின் மேல் இருபது லட்சம் சுற்றுக் கம்பி சுற்றிய இரண்டு சுருள்களை, ஊர் இரைச்சலுக்கு வெளியே, திறந்த வெளியில் வைத்து அளந்தார்கள். இரண்டையும் எதிரெதிராக இணைத்ததில்தான் அவர்களுடைய சாமர்த்தியம் இருக்கிறது. தூரத்திலிருந்து வரும் காந்தம் இரண்டு சுருளிலும் சமமாக விழுந்து ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். பக்கத்தில் இருக்கும் இதயத்தின் காந்தம் அப்படிச் சமமாக விழாது, ஆகவே மிஞ்சும். ஃபாரடே விதியும் கழித்தல் கணக்கும் தெரிந்த பிளஸ் டூ மாணவர் எவருக்கும் இது புரியும். வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள்.

அடுத்த சில ஆண்டுகளில் ஸ்க்விட் வந்தது. ஜோசப்சன் 1962இல் முன்னறிவித்த குவாண்டம் விளைவைப் பயன்படுத்தி, மீக்கடத்தி வளையம் ஒன்றைக் காந்தமானியாக்கினார்கள். சில ஃபெம்டோடெஸ்லா வரை அளக்கும் கருவி அது. எம்.ஐ.டி.யில் டேவிட் கோஹன் 1970இல் காந்தத் தடுப்பு அறைக்குள் அதை வைத்து இதயத்தையும், 1972இல் மூளையையும் பதிவு செய்தார்.

இந்தியாவில் இந்தத் திறமை வளர்ந்த முக்கியமான இடம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. அணு உலைக்குப் பெயர்போன கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில்தான் நையோபிய ஸ்க்விட் சில்லுகளைத் தாங்களே தயாரித்து, காந்தத் தடுப்பு அறை அமைத்து, இதயக் காந்தப் பதிவுக் கருவியையும் மூளைக் காந்தப் பதிவுக் கருவியையும் உருவாக்கினார்கள். புதுச்சேரி ஜிப்மர் இதய மருத்துவர்களோடு சேர்ந்து ஆய்வுக் கட்டுரைகளும் வெளியிட்டிருக்கிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் வலிப்பு நோயாளிகளுக்காக மூளைக் காந்தப் பதிவு நடக்கிறது. கல்பாக்கத்தின் இந்தப் பணியை நம் மாணவர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? கல்லூரி மாணவர்களிடமே நான் கேட்டதுண்டு. அணு உலையைத் தவிர வேறு பதில் வந்ததில்லை. அந்த விஞ்ஞானிகள் செய்தது சாதாரண வேலை அன்று. அதைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லாமல் விடுவது நம் குறைதான்.

ஈ.சி.ஜி. இருக்கும்போது இது எதற்கு என்று மாணவர் கேட்பார். நல்ல கேள்வி. மின்னழுத்தம் உடம்பின் தசை, எலும்பு, நுரையீரல்களைக் கடந்து வரும்போது உருக்குலைகிறது. காந்தப் புலத்துக்கு உடம்பு கிட்டத்தட்ட ஒளிபுகும் கண்ணாடி. தோலில் எதையும் ஒட்டத் தேவையில்லை. வயிற்றில் இருக்கும் சிசுவின் இதயத்துக்கு இது இன்னும் முக்கியமாகிறது. கர்ப்பத்தின் ஏழாவது, எட்டாவது மாத அளவில் சிசுவின் தோல்மேல் மெழுகு போன்ற ஒரு பூச்சு படிகிறது. அது மின்சாரத்தைத் தடுப்பதால் தாயின் வயிற்றின் மேலிருந்து சிசுவின் ஈ.சி.ஜி. எடுப்பது கடினமாகிவிடும். காந்தத்தை அந்தப் பூச்சு தடுப்பதில்லை.

இவ்வளவு நன்மை இருந்தும் இந்தக் கருவி மாவட்ட மருத்துவமனைக்கு வராததற்குப் பெரிய காரணம் குளிர். அந்த ஸ்க்விட் வேலை செய்யத் திரவ ஹீலியம் வேண்டும். மைனஸ் 269 பாகை செல்சியஸ். அது ஆவியாகிக்கொண்டே இருக்கும், மறுபடி நிரப்ப வேண்டும். இந்தியா ஹீலியத்துக்கு வெளிநாட்டையே நம்பியிருக்கிறது. இத்தனைக்கும் அந்தத் தனிமத்தின் மஞ்சள் கோடு 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தின்போது அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரிலிருந்தும் மசூலிப்பட்டினத்திலிருந்தும் பார்க்கப்பட்டது. ஹீலியத்துக்கும் தடுப்பு அறைக்கும் ஆகும் செலவைப் பெரம்பலூர் அரசு மருத்துவமனை தாங்குமா? 2022இல் திறந்த அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரிதான் தாங்குமா? ஆகவே, அறை வெப்பநிலையிலேயே வேலை செய்யும் நுண்காந்த சென்சார் ஒன்றை உலகமெங்கும் தேடினார்கள், தேடிக்கொண்டும் இருக்கிறார்கள். அப்படி வந்தவற்றுள் ஒன்று காந்தமின் சென்சார். பாடப்புத்தகத்து மின்காந்தத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இதில் கம்பிச்சுருள் முக்கியமன்று. காந்தப் புலம் ஒரு பொருளை நீட்டுகிறது, அந்த நீட்சி இன்னொரு பொருளில் மின்னழுத்தமாகிறது. விஷயம் அவ்வளவுதான்.

இதன் இரண்டு பாதிகளும் நம் ஊரிலேயே இருக்கின்றன. முதல் பாதி, மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் நிற்கும் டிரான்ஸ்பார்மர். அது ஏன் ரீங்காரமிடுகிறது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். காந்தப் புலம் படும்போது இரும்பின் நீளம் மிகச் சிறிதளவு மாறும். ஜூல் இதை 1842இல் கண்டார். மின்னோட்டம் மாறி மாறிப் பாய, டிரான்ஸ்பார்மரின் இரும்புத் தகடுகள் நீண்டு சுருங்கி நீண்டு சுருங்கி அந்த ஒலியை எழுப்புகின்றன. இரண்டாவது பாதி, அடுப்படியில் இருக்கும் கேஸ் லைட்டர். பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு பீங்கான் துண்டின்மேல் சுத்தி போல் அடி விழுகிறது. அழுத்தம் மின்னழுத்தமாகிப் பொறி பறக்கிறது. பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் 1880இல் கண்டறிந்த அழுத்தமின் விளைவு இது.

காந்தத்தால் நீளும் பட்டையையும், நீண்டால் மின்னழுத்தம் தரும் பட்டையையும் ஒன்றன்மேல் ஒன்றாக எபாக்ஸி பசையால் ஒட்டுங்கள். காந்தப் புலம் வந்தால் முதல் பட்டை நீளும், ஒட்டியிருப்பதால் இரண்டாவதையும் இழுக்கும், அது மின்னழுத்தம் தரும். காந்தமின் சென்சாரின் அடிப்படை வடிவம் இதுதான். பியர் கியூரி 1894இலேயே ஒரே படிகத்துக்குள் காந்தமும் மின்சாரமும் இப்படிப் பிணைந்திருக்கலாம் என்று ஊகித்தார். 1959இல் சோவியத் நாட்டின் ஜியாலோஷின்ஸ்கி குரோமியம் ஆக்சைடில் அது இருக்க வேண்டும் என்று கணக்கிட்டுச் சொன்னார். மறு ஆண்டு ஆஸ்ட்ரோவ் அளந்து காட்டினார். ஆனால் ஒற்றைப் பொருளில் அந்த விளைவு மிகச் சிறியது. 1972இல் ஹாலந்தின் பிலிப்ஸ் ஆய்வகத்தில், இரண்டு பொருள்களை இணைத்தால் தனித்தனியாக எதிலும் இல்லாத பண்பு பிறக்கும் என்ற எண்ணம் உருவானது. பேரியம் டைட்டனேட்டும் கோபால்ட் ஃபெரைட்டும் கலந்த பீங்கானில் அதைச் செய்தும் காட்டினார்கள். 2001க்குப் பிறகு, இரண்டு பொருளையும் அடுக்கு அடுக்காக ஒட்டிப் பார்த்தபோது விளைவு பல மடங்கு பெருகியது. அங்கிருந்துதான் இந்தத் துறை ஓட ஆரம்பித்தது.

இங்கே கொஞ்சம் நின்று இரண்டு விஷயங்களை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். வகுப்பில் இவைதான் பிள்ளைகளை யோசிக்க வைக்கும்.

ஒன்று, நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆனால் டிரான்ஸ்பார்மர் ரீங்காரத்தின் அடிப்படை ஒலி 100 ஹெர்ட்ஸ். காந்தப் புலம் வடக்கு நோக்கி இருந்தாலும் தெற்கு நோக்கி இருந்தாலும் இரும்பு ஒரே மாதிரிதான் நீள்கிறது என்பது இதற்குக் காரணம். ஒரு சுழற்சியில் இரண்டு முறை நீட்சி. வரைபடம் போட்டால் பரவளையம் வரும். பரவளையத்தின் அடியில் சாய்வு சுழி. அதாவது, சுழியை ஒட்டிய மிகச் சிறிய காந்தப் புலத்துக்கு இந்தப் பொருள் ஏறக்குறைய அசையவே அசையாது! நுண்காந்தத்தை அளக்க வந்த சென்சார் நுண்காந்தத்துக்கே அசையாது என்றால் என்ன செய்வது? பக்கத்தில் ஒரு சிறு நிலைக்காந்தத்தை வைத்து, பரவளையத்தின் சாய்வான பகுதிக்கு அதை முன்கூட்டியே நகர்த்தி விடுகிறார்கள். அந்த இடத்திலிருந்து பார்த்தால் சிறு மாற்றமும் நேர்விகிதத்தில் தெரியும். வகையீட்டைக் கணக்கு வகுப்பில் படித்துவிட்டு இயற்பியலில் எங்கே வரும் என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இரண்டாவது, அதிகம் நீளும் பொருள்தான் நல்ல பொருள் என்று எல்லோரும் முதலில் நினைப்பார்கள். டெர்ஃபெனால்-டி என்ற கலவை ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் நீளும். மெட்கிளாஸ் என்ற கண்ணாடித்தன்மை கொண்ட உலோக நாடா பத்து லட்சத்தில் 27 பங்கு அளவுதான் நீளும். ஆனாலும் நுண்காந்த வேலையில் ஜெயிப்பது மெட்கிளாஸ். டெர்ஃபெனால் தன் முழு நீட்சியை அடையப் பெரிய காந்தப் புலம் வேண்டும். மெட்கிளாஸ் தன்னால் முடிந்த சிறு நீட்சியை மிகச் சிறிய புலத்திலேயே முடித்துவிடும். எவ்வளவு நீளும் என்பதைவிட, ஒரு அலகு புலத்துக்கு எவ்வளவு நீளும் என்பதே முக்கியம். அறிவியலில் சரியான அளவுகோலைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலை என்பதற்கு நான் மாணவர்களிடம் எப்போதும் சொல்லும் உதாரணம் இது.

இனி உண்மை நிலவரம். இந்த சென்சார் தன் இயல்பான ஒத்ததிர்வு அதிர்வெண்ணில் மிக நன்றாக வேலை செய்கிறது. பிகோடெஸ்லாவுக்கும் கீழே போகிறது. ஆனால் இதயத்தின் சைகை ஒரு ஹெர்ட்ஸிலிருந்து சில பத்து ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த அதிர்வெண்ணில் வருகிறது. அங்கே மின்னணு இரைச்சல் அதிகம், தரையின் அதிர்வும் சேர்ந்துகொள்ளும். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் குழு 2011இல் மெட்கிளாஸ் அடுக்கு சென்சாரில் ஒரு ஹெர்ட்ஸில் ஐந்து பிகோடெஸ்லா அளவுக்கு இரைச்சலைக் குறைத்துக் காட்டியது. பெரும் சாதனை அது. ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தில் 2016 முதல் இதற்கென்றே ஒரு கூட்டு ஆய்வுத் திட்டம் நடந்து, மெல்லிய படலங்களால் ஆன சென்சார்களை இதயத்தின்மேல் வைத்துப் பார்த்தார்கள். பல துடிப்புகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால்தான் உச்சி தெரிகிறது. ஸ்க்விட்டின் இடத்தைக் காந்தமின் சென்சார் பிடித்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இன்னும் தூரம் இருக்கிறது. அணு ஆவியையும் லேசரையும் பயன்படுத்தும் காந்தமானிகள் மூளைப் பதிவில் இதற்கு முன்னே ஓடிக்கொண்டிருக்கின்றன.

பிறகு ஏன் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்கிறேன்? இந்தத் துறையில் மிச்சமிருக்கும் வேலை பெரும்பாலும் பொருள் சார்ந்தது. எந்தப் பீங்கானை எந்த வெப்பத்தில் சுடுவது, எந்த நாடாவை எந்தப் பசையால் ஒட்டுவது, எந்த வடிவத்தில் வெட்டுவது, அதிர்வை எப்படி அடக்குவது என்பவையே கேள்விகள். தமிழ்நாட்டின் பல்கலைக்கழக ஆய்வகங்களில் பேரியம் டைட்டனேட், பிஸ்மத் ஃபெரைட், கோபால்ட் ஃபெரைட் என்ற பெயர்கள் தினசரிப் பேச்சு. மஃபில் உலையும் லாக்-இன் ஆம்ப்ளிஃபையரும் பொறுமையும் இருந்தால் காந்தமின் விளைவை அளந்துவிடலாம். பிஸ்மத் ஃபெரைட் மெல்படலம் பற்றி 2003இல் 'சயன்ஸ்' இதழில் வந்து உலகையே இந்தப் பக்கம் திருப்பிய ஆய்வை வழிநடத்திய ராமமூர்த்தி ரமேஷ், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. வேதியியல் படித்தவர். குன்னத்திலிருந்து பி.எஸ்சி. இயற்பியலுக்குப் போகும் பிள்ளை, வேலை கிடைக்காத படிப்பு என்று அக்கம்பக்கத்தார் சொல்வதைக் கேட்டுச் சோர்ந்து போகிறது. அந்தப் பிள்ளையிடம் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

இன்னொரு காரணம் நம் மண். நுண்காந்தத்தைக் கற்பிக்க நம்மைவிட வாய்ப்பான இடம் குறைவு. 2020இல் குன்னம் அருகே குளத்தில் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தபோது டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப் முழுக்கச் செய்தி பறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். விஷயம் அறிந்தவர்கள் வந்து பார்த்து, அவை அமோனைட் சார்ந்த படிவ உருண்டைகள் என்றார்கள். முட்டை இல்லை என்றதும் ஊரே ஆர்வத்தை விட்டுவிட்டது. எனக்கு அது வருத்தம். அந்தக் கற்களும் காரை, குளக்கானத்தம் களிமண்ணும் முட்டையைவிடப் பெரிய கதையை வைத்திருக்கின்றன. பிளான்போர்டு 1862இல் இந்தப் படிவுகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பிரித்து எழுதினார். எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரத்தைக் கண்டார். இந்தப் படிவுகள் கடலடியில் படிந்தவை. அப்படிக் கடலடியில் சேறு படியும்போது அதிலுள்ள நுண்ணிய காந்தத் துகள்கள் அன்றைய புவிக்காந்தத் திசையில் திரும்பி அமர்கின்றன. சேறு இறுகிப் பாறையானதும் அந்தத் திசை பூட்டப்படுகிறது. காரைக் களிமண் படிந்த காலத்தில், சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா தென் அரைக்கோளத்தில் வெகு தெற்கே இருந்தது. அங்கே புவிக்காந்தம் வெகுவாக மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். பின்னாளில் ஏறிய காந்தத்தால் பழைய பதிவு அழியாமல் இருந்தால், நம் காலடிக் கல்லுக்குள் இருக்கும் திசையும், உங்கள் ஆய்வக ஊசி காட்டும் படுத்த திசையும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. இந்தியா வடக்கே நகர்ந்து வந்ததற்கு அதுவே சாட்சி. புவியின் காந்தத் துருவங்கள் சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 8.3 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை புரளாமல் நிலையாக இருந்தன. அந்தக் காலத்தின் பெரும்பகுதியும் அது முடிந்த கட்டமும் நம் ஊட்டத்தூர்-அரியலூர் படிவுகளின் காலத்துக்குள்ளேயே வருகின்றன. இவ்வளவையும் படிக்க நுண்காந்தமானி வேண்டும், பாறையின் காந்தம் அவ்வளவு பலவீனமானது.

அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் இதே இயற்பியல்தான். சுட்ட செங்கல் சூளையில் ஆறும்போது, அதிலுள்ள இரும்புத் தாது அன்றைய புவிக்காந்தத்தை வாங்கிக்கொள்கிறது. புதைந்த செங்கல் சுவரின் மேல் நடந்தால் காந்தமானியில் சில நானோடெஸ்லா, சில இடங்களில் பல பத்து நானோடெஸ்லா மாற்றம் தெரியும். கீழடியில் அகழ்வதற்கு முன் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தாரைக் கொண்டு காந்த அளவை செய்தார்கள். கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் செங்கல் சுவர்களைப் பார்த்து வந்த பிள்ளைக்கு, தோண்டாமலே சுவரைக் காணும் வழி ஒன்று உண்டு என்று சொன்னால் கண் விரியும். காந்தமின் சென்சார்கள் மலிவாகும் நாளில் இந்த அளவைகளும் மலிவாகும்.

ஒன்றை வருத்தத்தோடு சொல்லியாக வேண்டும். உடம்பில் காந்தம் உண்டு என்ற உண்மையை வைத்துப் பிழைப்பு நடத்துவோர் இருக்கிறார்கள். காந்த வளையல், காந்தப் படுக்கை, காந்தத் தண்ணீர் என்று சந்தையிலும் கண்காட்சியிலும் விற்கிறார்கள். மூட்டுவலியோடு இருக்கும் வயதானவர்கள் ஓய்வூதியப் பணத்தைக் கொடுத்து வாங்குகிறார்கள். உடம்பின் காந்தம் புவியின் காந்தத்தில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை என்று ஒரு பிளஸ் டூ மாணவிக்குத் தெரிந்திருந்தால், அவள் தன் தாத்தாவைத் தடுத்திருப்பாள். வடக்கே தலைவைத்துப் படுத்தால் ரத்தத்திலுள்ள இரும்பைப் பூமி இழுக்கும் என்ற பேச்சும் அப்படித்தான். பாலிங்கும் கோரியெல்லும் 1936லேயே அளந்து பார்த்துவிட்டார்கள். ஆக்சிஜன் ஏற்ற ரத்தத்தைக் காந்தம் மிக லேசாக விலக்கவே செய்கிறது. எம்.ஆர்.ஐ. கருவியின் 1.5 டெஸ்லா, புவிப் புலத்தைப் போல முப்பத்தேழாயிரம் மடங்குக்கு மேல். அதற்குள் படுத்து எழுந்து வருகிறவர்களின் ரத்தத்தை எந்தப் பக்கமும் இழுத்ததில்லை. அளவு தெரிந்தவனை ஏமாற்றுவது கடினம். நுண்காந்தப் பாடத்தை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

செலவில்லாமல் தொடங்கலாம். பெரும்பாலான கைபேசிகளில் திசைகாட்டிக்காகக் காந்த சென்சார் இருக்கிறது. ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஃபைஃபாக்ஸ் செயலியைப் போட்டால் 40 மைக்ரோடெஸ்லாவை ஒட்டிய எண் தெரியும். டேஞ்சன்ட் கால்வனோமீட்டரில் கிடைத்த விடையோடு அதை ஒப்பிடச் சொல்லுங்கள். இரும்பு பெஞ்சுக்கு அருகில், மோட்டார் அருகில், திறந்த மைதானத்தில் என்று எண்ணைக் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு அதே கைபேசியை மார்பின்மேல் வைக்கச் சொல்லுங்கள். இதயம் தெரியாது. ஏன் தெரியவில்லை, அது தெரிய இன்னும் எத்தனை ஆயிரம் மடங்கு நுட்பம் வேண்டும் என்று அவர்களே கணக்கிடட்டும். கேஸ் லைட்டரின் பீங்கானை எடுத்து மல்டிமீட்டரில் மெல்ல அழுத்திப் பார்க்கட்டும். டிரான்ஸ்பார்மர் ஒலியை வேலிக்கு வெளியே, பாதுகாப்பான தூரத்தில் நின்று கைபேசியில் பதிவு செய்து, அலைமாலையில் 100 ஹெர்ட்ஸைத் தேடட்டும்.

தலைமை ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். கல்விச் சுற்றுலா என்றால் பொருட்காட்சியும் பூங்காவும் என்று வைத்துக்கொள்ளாமல், ஓராண்டு காரைக்கும் சாத்தனூருக்கும், மறு ஆண்டு கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். கல்பாக்கம் மையத்துக்கு முறைப்படி எழுதிக் கேளுங்கள், கேட்காமல் எதுவும் கிடைப்பதில்லை. நாகரிகமாக எழுதிய ஒரு பள்ளிக் கடிதத்தை விஞ்ஞானிகள் பொதுவாக மதிப்பார்கள்.

இந்த ஆண்டு காந்தவியல் பாடம் தொடங்கும் வாரத்தில், ஒரே ஒரு வகுப்பை இதற்குக் கொடுங்கள். நடத்தி முடித்ததும் பிள்ளைகள் கேட்ட கேள்விகளை எழுதி வையுங்கள். உங்களுக்கு விடை தெரியாத கேள்வி எதுவும் வந்தால், அந்தப் பிள்ளையையே பி.எஸ்சி. இயற்பியலுக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வட்டத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியன்